மழை பார்த்துப் புறப்படும் அக்கா

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ரீவியில் வானிலை சொல்லத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். சனி, ஞாயிறு வெயில் என்றால் யாராவது ஒருத்தி பார்க்குக்குப் போகிற கதையை எடுப்பாள். மழை என்றால் எல்லோருடைய முகமும் தொங்கிவிடும். அக்கா மட்டும் கையிலிருந்த பாண் துண்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பி ரீவிக்குக் கிட்டப் போவார். வடக்கே சட்பரி நகருக்கு மேலே மேகப் படம் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பார். பிறகு பின்கதவைத் தள்ளித் திறந்து, லொறிகள் நிற்கும் இடத்தில் நின்று வானத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவார். ரீவிக்காரன் சொன்னது மட்டும் அவருக்குப் போதாது.

இரண்டும் மழை என்று ஒத்துப்போனால் அன்று பின்னேரம் அவருடைய பழைய ஸ்டேஷன் வாகன் அவர் குடியிருந்த மல்வேர்னுக்குத் திரும்பாது. வடக்கே போகும். காட்டுக்குள் தனியாகக் கூடாரம் அடித்து இரண்டு இரவு இருந்துவிட்டு, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தலைமயிரில் புகை மணத்தோடு வேலைக்கு வந்து நிற்பார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு லோன்றியில் நானும் அவரும் ஒரே மெஷினில் வேலை செய்தோம். உருளைகளுக்குள்ளால் சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடிக்க வேண்டும். எட்டு மணித்தியாலமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. அவருக்கு நாற்பத்தைந்துக்குக் கிட்ட இருக்கும். உயரம், மெலிவு, நரையை மறைக்காத தலை. அங்கே வேலை செய்த எல்லாத் தமிழ்ப் பெண்களுக்கும் அவர் வெறும் அக்காதான்.

"மழைக்குள்ளை போய் என்னக்கா செய்வியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மழையெண்டாத்தான் சனம் வராது."

"சனம் வந்தா என்ன?"

"ஆரெண்டு பாக்கோணும். பாத்துக்கொண்டிருந்தா நித்திரை வராது."

அவ்வளவுதான் பதில். எனக்கு அது போதவில்லை. லோன்றியில் ஒருவருக்குமே போதவில்லை. எங்களோடு வேலை செய்த விஜி வெளிப்படையாகவே சொன்னாள். "அஞ்சு மணித்தியாலம் கார் ஓடித் தனியப் போய்த் தனிய வாறதுக்கு அவவுக்கு என்ன விசரோ? உங்கை ஆரோ ஒரு ஆள் இருக்குது." ஆள் யார் என்பதில்தான் அபிப்பிராய பேதம். வெள்ளைக்காரன் என்றார்கள். பெண்சாதி உள்ள தமிழன் என்றார்கள். நான் அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. ஆனால் விரிப்பை மடிக்கும்போது எதிரே நிற்கிற முகத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

அவருக்கும் எவர் மீதும் நம்பிக்கை கிடையாது. யார் என்ன சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார். "கண்ணாலை கண்டனீரோ?" இன்னாருடைய புருஷன் வேலையை விட்டுவிட்டானாம் என்று சொன்னால், "கண்ணாலை கண்டனீரோ?" பஸ் வருகிறது என்றால்கூட வீதி ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பையைத் தோளில் போடுவார். ஒருமுறை அவருடைய அப்பார்ட்மென்டுக்கு உள்ளே கறி வைத்து ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். கதவுத் துளையால் என்னைப் பார்த்து, பையில் என்ன என்று கேட்டு, மூன்று பூட்டையும் திறந்து உள்ளே விட்டார். ரோல்ஸை இரண்டாகப் பிய்த்து, உள்ளே பார்த்து, பிறகுதான் வாயில் வைத்தார். "நல்லாயிருக்கு" என்று சொல்லி இன்னொன்றை எடுத்தார். அதையும் பிய்த்துப் பார்த்தார்.

இந்தக் குணம் எங்களுக்கு உதவியதும் உண்டு. பனி கொட்டிய ஒரு மாரிகாலத்தில் லோன்றியை மூடப்போகிறார்கள் என்று சுப்பவைசர் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் அழுதார்கள். விஜி அன்றைக்கே வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதினாள். அக்கா இரண்டு நாள் பின்கதவடியில் போய் நின்று வந்தார். "லொறி வழமையா வருது. சவர்க்காரப் பீப்பாவும் புதுசா வந்து இறங்குது. மூடுறவன் சவர்க்காரம் வாங்கமாட்டான். பேசாமல் வேலையைப் பாருங்கோ" என்றார். லோன்றி மூடவில்லை. எங்களைப் பயப்படுத்திச் சம்பள உயர்வு கேட்காமல் வைத்திருக்கச் செய்த வேலை அது என்று பிறகு தெரிந்தது.

அவருடைய கணவரைப் பற்றி ஒரேயொரு முறை கேட்டேன். உருளையில் துணி சிக்கி மெஷின் நின்றிருந்த நேரம்.

"அவர் எங்கையக்கா?"

"கொழும்பிலை செத்துப்போனார் எண்டு தந்தி வந்தது."

மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியது. விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு, "நான் காணேல்லை" என்றார்.

இப்படிப்பட்டவர் ஒரு கோடைகாலத்து வெள்ளிக்கிழமை என்னிடம் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து நீட்டினார். எல்லாப் பக்கமும் ஒட்டுநாடா ஒட்டி, நாடாவுக்கு மேலால் கையெழுத்தும் போட்டிருந்தார்.

"திங்கக்கிழமை ஏழு மணிக்கு நான் வேலைக்கு வரேல்லையெண்டா உதைத் திறவும். அதுக்கு முன்னம் திறக்கக் கூடாது."

"உள்ளுக்கு என்னக்கா?"

"திறந்தாத் தெரியும்தானே."

திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தபோது அதைக் குழல் விளக்குக்கு நேரே பிடித்து, நாடாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "ம்" என்றார். இப்படி மூன்று முறை நடந்தது. இத்தனை பேருக்குள் என்னை ஏன் பிடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. ஏதோ வில்லங்கத்தில் மாட்டிவிடப் பார்க்கிறாரோ என்றும் யோசித்தேன்.

நாலாவது முறை செப்டெம்பர் கடைசி. பள்ளிக்கூடங்கள் தொடங்கி, குளிரும் தொடங்கியிருந்தது. ரொறொன்ரோவில் வியாழக்கிழமையிலிருந்தே மழை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கார்த் தரிப்பிடத்தில் அவருடைய வண்டியின் பின்பக்கத்தைக் கண்டேன். கோடாலி, கயிறு, நீலத் தறப்பாள், காஸ் அடுப்பு, ஒரு மண்வெட்டி. மண்வெட்டி எதற்கு என்று கேட்கவில்லை. உறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதை நான் திறந்தேன். என் கணவர்தான் திறக்கச் சொன்னார் என்று பல வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். "உதுக்குள்ளை என்ன கிடக்கெண்டு தெரியாமல் வீட்டிலை வைக்கேலாது. நாளைக்கு ஒண்டு நடந்தா எங்களைத்தான் கேப்பினம்" என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் கேத்திலைக் கொதிக்க வைத்து, ஆவியில் நாடாவைக் கிளப்பியது என்னுடைய கை. அவர் சொல்லியிராவிட்டாலும் அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ கிளப்பியிருப்பேன்.

உள்ளே ஒரு வரைபடப் பிரதி. சட்பரிக்கு அப்பால் ஒரு பார்க்கைச் சுற்றி வட்டம் போட்டு, கூடாரம் அடிக்கும் இடத்தின் இலக்கம் எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்தில் நாலைந்து வரி. கார் இலக்கம். கூடாரம் பச்சை. மழைக்கோட் மஞ்சள். திரும்பும் நேரம் ஞாயிறு பின்னேரம். கடைசி வரி: ஆட்கள் 1.

அந்த ஒன்று, வேறொரு இலக்கத்துக்கு மேலே அழுத்தி எழுதியது போல இருந்தது. கணவர் அதை விளக்கின் கீழே பிடித்தார். "ரெண்டெண்டு எழுதிப்போட்டு மாத்தியிருக்கிறா" என்றார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

பிக்கரிங்கில் வீடு வாங்கி இருந்த அக்காவின் தமையனை என் கணவருக்குத் தெரியும். இருவரும் முன்பு ஒரே இடத்தில் காவலாளி வேலை செய்தவர்கள். அக்காவைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர்தான். இரண்டு வருடம் அவருடைய வீட்டில் இருந்துவிட்டு அக்கா தனியாக மல்வேர்னுக்குப் போனதை அவர் மன்னிக்கவில்லை. கணவர் தொலைபேசியை எடுத்தபோது நான் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு தமையனின் வான் வண்டி எங்கள் வாசலில் நின்றது. "பொம்பிளையள் ஒருத்தர் வந்தா நல்லது" என்று என்னையும் ஏறச் சொன்னார். அவரும் கணவரும் முன்னுக்கு. நான் பின் ஆசனத்தில். பரி நகரம் தாண்டும்வரை வீடுகள் தெரிந்தன. பிறகு வீதியின் இரண்டு பக்கமும் வெட்டிய இளஞ்சிவப்புப் பாறைகள், அதற்கப்பால் பைன் மரங்கள், மரங்களுக்கிடையில் வாவிகள். எல்லாவற்றுக்கும் மேலே நிற்காத மழை. மரக்கட்டை ஏற்றிய லொறிகள் எதிரே வரும்போது கண்ணாடி முழுக்க சேற்றுத் தண்ணீர் அடித்து ஒன்றும் தெரியாமல் போகும். பெரிய கொம்பு வைத்த மிருகம் வீதியைக் கடக்கும் என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகைகளைத் தவிர அங்கே எங்களைக் கவனிக்க ஒன்றுமில்லை.

"இஞ்சை ஆர் தனிய வருவினம்?" என்றார் தமையன். சட்பரி தாண்டியும் இரண்டுதரம் அதையே சொன்னார்.

பார்க்கின் வாசல் கொட்டில் பூட்டிக் கிடந்தது. வேறு ஒரு காரும் இல்லை. மண்பாதையில் கடைசி மட்டும் போனோம். வாவிக்கரையில், எழுதியிருந்த இலக்கத்தில், ஸ்டேஷன் வாகன் நின்றது. பச்சைக் கூடாரம். நாலு மரத்தில் இழுத்துக் கட்டிய நீலத் தறப்பாள். கூடாரத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் ஓட மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் வெட்டப்பட்டிருந்தது. தறப்பாளின் கீழே அடுப்பும் கேத்திலும். கேத்திலைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இன்னும் இருந்தது. ஆளைக் காணவில்லை.

"ரெண்டு கப்" என்றார் தமையன்.

மரக்குற்றியின் மேல் இரண்டு தகரக் கோப்பைகள் கவிழ்த்து வைத்திருந்தன. அவர் கூடாரத்தின் சிப்பை இழுத்துத் திறந்து உள்ளே புகுந்து அக்காவின் பையை வெளியே எறிந்தார். உடுப்புகள் ஈர மண்ணில் விழுந்தன. ஒரு மருந்துப் போத்தல், ஒரு டோர்ச், நூலக முத்திரை குத்திய தமிழ்ப் புத்தகம் ஒன்று. கணவர் வாவிப் பக்கம் திரும்பி நின்றார். அவருக்கு வெட்கமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

அந்த நேரம்தான் நான் அதைக் கண்டேன். அடுக்கிய விறகுக்குப் பின்னால், தறப்பாளின் ஓரத்தில், ஒரு சோடி றப்பர் சப்பாத்து. கறுப்பு. ஆண்களுடைய அளவு. அக்காவின் கால் எனக்குத் தெரியும். லோன்றியில் பக்கத்துப் பக்கத்து அலுமாரியில்தான் சப்பாத்து வைப்போம்.

அதைக் காணத்தானே அவ்வளவு தூரம் போனேன். விஜி சொன்னது சரி, அழித்தெழுதிய இலக்கமும் சரி. கூப்பிட்டுக் காட்டினால் எல்லாம் முடிந்தது. ஆனால் தமையன் தங்கையின் உள்ளுடுப்பைக் கையில் தூக்கி உதறிக்கொண்டிருந்தார். நான் காலால் அந்தச் சப்பாத்தை விறகுக்கு அடியில் தள்ளினேன். ஒன்று போய்விட்டது. மற்றது போகவில்லை. அதை மறைத்து விறகின் மேல் உட்கார்ந்து, என் கோட்டை விரித்து விட்டுக்கொண்டேன். அப்படியே முக்கால் மணித்தியாலம் இருந்தேன். யாராவது என்னை எழும்பச் சொன்னால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு ஒன்றும் யோசிக்கவில்லை.

அக்கா எங்களுக்குப் பின்னால், மரங்களுக்குள் இருந்து வந்தார். மஞ்சள் மழைக்கோட், கையில் கோடாலி. எங்கேயோ போய் வந்தவரின் நடை அது அல்ல. தெரியாத வான் வருகிறதைக் கண்டு மறைந்து நின்று, தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன தேடுறியள் அண்ணை?"

"ஆரோடை வந்தனீ? அவன் எங்கை?"

"எவன்?"

"ரெண்டு கப் கிடக்கு."

"உங்கடை வீட்டிலை எத்தினை கப் கிடக்கு? ஒவ்வொண்டுக்கும் ஒரு ஆளைக் காட்டுவியளோ?"

"எனக்கு விசர்க்கதை கதையாதை. சனம் என்ன கதைக்குதெண்டு தெரியுமோ உனக்கு?"

"கண்ணாலை கண்டியளோ?" என்று கேட்டார் அக்கா. சத்தம் உயரவில்லை. "இவ்வளவு நேரமும் கிளறினியள். ஒரு ஆம்பிளையைக் கண்ணாலை கண்டியளோ?"

அக்கா கோடாலியைக் குற்றியில் கொத்தி வைத்துவிட்டு, மண்ணில் கிடந்த உடுப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு அடுப்பை மூட்டித் தேத்தண்ணி வைத்தார். இரண்டு கோப்பையிலும் ஊற்றி ஒன்றை என் கணவரிடமும் மற்றதை என்னிடமும் தந்தார். தமையன் வானுக்குள் போய் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். நான் விறகின் மேல் இருந்தபடியே கோப்பையை வாங்கினேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் விரித்திருந்த கோட்டைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது தமையன், "உங்கை ஆரோ இருந்திருக்கிறான். நீங்கள் ஒண்டும் காணேல்லையோ தங்கச்சி?" என்று கேட்டார்.

"இல்லையண்ணை. நான் ஒண்டும் காணேல்லை."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அக்கா வேலைக்கு வந்தார். சுப்பவைசரிடம் போய்த் தன்னை வேறு மெஷினுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டார். ஆறு கிழமை என்னோடு பேசவில்லை. எனக்கு எதிரே விஜி வந்து நின்றாள். அவள் வாய் மூடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அவளுக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் நடுவில் ஒருநாள் சாப்பாட்டு அறையில் நான் தனியாக இருந்தபோது அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்வலப்பைத் திறந்தது நீர்தான்."

"ஓமக்கா."

"ஆவியிலையோ?"

"ஓம்."

"உம்மை நம்பித் தந்தனான் எண்டு நினைக்காதையும். நான் காட்டுக்குள்ளை விழுந்து செத்தா எங்கை தேடுறதெண்டு ஆருக்கும் தெரியவேணும். அதுக்குத்தான் தந்தனான்." கொஞ்ச நேரம் பாணைச் சாப்பிட்டார். "அந்தச் சப்பாத்தை ஏன் மறைச்சனீர்?"

"தெரியேல்லையக்கா."

"அது என்ரைதான். குளிருக்கு ரெண்டு சோடி கம்பளிச் சொக்ஸ் போட்டா எனக்குப் பெரிய சைஸ்தான் வேணும்."

நான் தலையாட்டினேன்.

"நம்புறீரோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லையக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. லோன்றிக்கு வெளியே லொறிகளைப் பார்க்கும்போது இருக்கும் அதே கவனம். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அடுத்த கிழமை அவர் எனக்கு எதிரே, விரிப்பின் மற்ற முனையில் நின்றார். எப்படி மாறி வந்தார் என்று நான் கேட்கவில்லை.

மாரி முழுவதும் அப்படியே போனது. வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வெளியே வரும்போது ஸ்டேஷன் வாகனின் கூரையிலும் சாமான் கட்டியிருந்தது. அவர் திரும்பி வரப்போவதில்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. வடக்கே ஓர் ஊரின் பெயரையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் சொன்னார். எழுத விடவில்லை. மூன்றுதரம் திருப்பிச் சொல்ல வைத்தார்.

"ஆருக்கும் சொல்லாதையும் எண்டு நான் கேக்கமாட்டன். நீர் சொல்லுவீர். சொன்னா நான் இன்னொரு ஊருக்குப் போவன், அவ்வளவுதான்."

கணவருக்குக்கூட நான் சொல்லவில்லை. தமையன் முதல் வருடம் இரண்டுதரம் தொலைபேசி எடுத்துக் கேட்டார். தெரியாது என்றேன். அவர் அதை நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

மூன்றாவது முறை அவர் எடுத்தது அடுத்த வருடம் ஓகஸ்டில். இந்த முறை அதட்டவில்லை. கொழும்பில் இருந்த அவர்களுடைய அம்மா முதல்நாள் இறந்துபோனார் என்றார். "தங்கச்சி, நான் அவளோடை சண்டை பிடிக்கக் கேக்கேல்லை. அம்மா போயிட்டா எண்டு அவளுக்குச் சொல்லவேணும். உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும்." அழுதார். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றேன். அந்த ஊரின் பெயர் நாக்கு நுனியில் நின்றது. பையை ஈர மண்ணில் எறிந்தவரும் இவர்தான், இப்போது அழுகிறவரும் இவர்தான்.

"எனக்குத் தெரியாதண்ணை" என்றேன்.

அவர் வைத்த பிறகு அந்த இலக்கத்தை எடுத்தேன். நெடுநேரம் அடித்தது. அக்கா எடுத்தார், ஆனால் பேசவில்லை. எதிர்ப்பக்கம் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தானக்கா" என்று சொல்லி, அம்மாவின் செய்தியையும் சொன்னேன்.

கண்ணால் கண்டீரோ என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "எப்ப?" என்றார். "நேற்றுப் பின்னேரமாம்" என்றேன்.

"அண்ணை அழுதவரோ?"

"ஓமக்கா."

"நான் எங்கையெண்டு கேட்டவரோ?"

"கேட்டவர். தெரியாதெண்டு சொன்னனான்."

"அவருக்கு நான் எடுக்கிறன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "நீர் வையும்."

நான் உடனே வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய, தாழ்ந்த ஒரு குரல் ஏதோ கேட்டது. எந்தப் பாஷை என்று பிடிபடவில்லை. வானொலியாகவும் இருக்கலாம். அக்கா வாயைத் தொலைபேசியிலிருந்து எடுத்து ஏதோ பதில் சொன்னார்.

"என்னக்கா, ஆர்?" என்ற கேள்வி வாய்வரை வந்தது. "உடம்பைப் பாருங்கோ அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.